நெட்வொர்க் சிப்பை வைத்து போன் கணக்குப் போடுகிறவர்களுக்கு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஹைதராபாத்தை அடுத்த ராமச்சந்திராபுரத்தில் பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) டவுன்ஷிப்பை ஒட்டிய மும்பை நெடுஞ்சாலை ஓரம் முழுக்க மொபைல் கடைகள். நகரத்துப் பக்கம் திரும்பி லிங்கம்பள்ளியைத் தாண்டினால் கச்சிபௌலி, ஹைடெக் சிட்டி வட்டாரம். குவால்காம், ஏ.எம்.டி., மார்வெல் போன்ற சிப் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவுகள் ஹைதராபாத்தில் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் படான்செருவைக் கடந்து சங்காரெட்டி நோக்கிப் போனால் கந்தியில் ஐ.ஐ.டி. ஹைதராபாத். சிப்பை வடிவமைக்கிறவர், செட்டை விற்கிறவர், அந்த நிறுவனங்களின் பங்கை வைத்திருக்கும் ஓய்வு பெற்ற பெல் ஊழியர் என எல்லோரும் அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ஊர் இது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்: "நெட்வொர்க் சிப் விற்பனை ஏறுதாமே, அப்ப அடுத்த வருஷம் போன் நல்லா போகும்ல?"

எத்தனை போன் போகும் என்பதை நெட்வொர்க் சிப் விற்பனை, அதாவது டவர் கருவிகளுக்குள் போகும் சிப்புகளின் விற்பனை, சொல்லாது. மக்கள் எந்த வகைப் போன் கேட்பார்கள் என்பதை ஓரளவு சொல்லும். எப்போது கேட்பார்கள் என்பதில் பல தடவை ஏமாற்றும். இந்த வித்தியாசம் தெரியாமல் கடைக்காரர் சரக்கு எடுத்துவிட்டு மாட்டிக்கொள்கிறார். வயதான ஒருவர் பி.எஃப். பணத்தைத் தவறான இடத்தில் போடுகிறார். படித்து முடித்த பிள்ளை தவறான காரணத்துக்காக ஒரு வேலையை விடுகிறது. மூவரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

செய்ய வேண்டியவை

எண்ணிக்கையையும் வகையையும் தனித்தனியாகப் பாருங்கள்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சீனாவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். அங்கே 5ஜி சேவை 2019 நவம்பர் 1 அன்று தொடங்கியது. 2020 முடிவில் ஏறத்தாழ 7.2 லட்சம் 5ஜி பேஸ் ஸ்டேஷன்கள் (டவர் கருவிகள்) இருந்தன. 2022 முடிவில் அது 23 லட்சத்தைத் தாண்டியது. இரண்டே வருடத்தில் மூன்று மடங்கு என்றால், அந்தப் பெட்டிகளுக்குள் போன சிப்புகளின் அளவை யோசித்துப் பாருங்கள். போன் விற்பனை என்ன ஆனது? அந்நாட்டு அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2019-ல் கடைகளுக்குப் போன செட்டுகள் சுமார் 39 கோடி; 2022-ல் 27 கோடி சொச்சம்.

டவர் பல மடங்கான அந்த மூன்று வருடங்களில் போன் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்தக் குறைந்த எண்ணிக்கைக்குள் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. 2020-ல் விற்ற செட்டுகளில் பாதிக்குச் சற்று மேல் 5ஜி. 2022-ல் ஐந்தில் நான்கு பங்கு 5ஜி. நெட்வொர்க் சிப் முன்கூட்டிச் சொன்னது இந்த மாற்றத்தைத்தான்.

நம் நாட்டிலும் அதே கதை. ஜியோவும் ஏர்டெல்லும் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கின. டவர் கருவி செய்யும் நோக்கியாவின் இந்திய விற்பனை 2022-ல் சுமார் 130 கோடி யூரோ. 2023-ல் அது 280 கோடி யூரோவைத் தாண்டியது. அதே காலத்தில் சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.டி.சி.யின் கணக்குப்படி இந்தியச் சந்தைக்கு வந்த ஸ்மார்ட்போன்கள் 2021-ல் 16.1 கோடி, 2022-ல் 14.4 கோடி, 2023-ல் 14.6 கோடி. நெட்வொர்க் சாமான் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய வருடத்தில் போன் ஒரு சதவீதம் ஏறியது.

டவுன்ஷிப்பில் இருப்பவர்களுக்கு இதை நீட்டி விளக்கத் தேவையில்லை. பெல்லுக்கு டர்பைன் ஆர்டர் கூடினால் எங்கோ மின்நிலையம் வரப்போகிறது என்று புரிந்துகொள்வார்கள். அதை வைத்து ஊரில் அடுத்த கோடையில் எத்தனை ஃபேன் விற்கும் என்று யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

சிப் எந்தப் பெட்டிக்குள் போகிறது என்று பாருங்கள்.

நெடுஞ்சாலையில் நின்று ஏதாவது ஒரு டவரை அண்ணாந்து பாருங்கள். நீளமாக, ஒல்லியாக நிற்பவை பழைய ஆன்டெனாக்கள். அவற்றோடு குட்டையாக, அகலமாக, முதுகில் வெப்பம் வெளியேற வரிவரியான தகடுகளோடு ஒரு பெட்டி இருந்தால் அது பெரும்பாலும் 5ஜி மாசிவ் மைமோ ரேடியோ. 4ஜி காலத்து ரேடியோவில் அனுப்பவும் வாங்கவும் பெரும்பாலும் இரண்டோ நான்கோ தடங்கள் இருந்தன. இந்தப் புதுப் பெட்டியில் 32 தடங்கள், பல இடங்களில் 64. ஒவ்வொரு தடத்துக்கும் சிக்னலைப் பெருக்க, வடிகட்ட, டிஜிட்டலாக மாற்ற ஏற்பாடு வேண்டும். அந்த 64 தடங்களையும் ஒத்திசைத்து, கதிரை உங்கள் கையிலிருக்கும் போனை நோக்கித் திருப்பக் கணக்குப் போடும் சிப்புகள் தனி.

அதாவது டவர் எண்ணிக்கை மாறாமலே சிப் விற்பனை பல மடங்கு ஏற முடியும். மேலே 64 தடம் வந்தாலும் கீழே உங்கள் கையில் இருப்பது அதே ஒரு போன், அதற்குள் ஒரு மோடம்தான். நெட்வொர்க் சிப் விற்பனையின் வளர்ச்சி விகிதத்தை அப்படியே போன் மீது தூக்கி வைக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

நிறுவனங்களையும் பிரித்துப் பாருங்கள். குவால்காமின் வருமானத்தில் பெரும்பங்கு போனுக்குள் போகும் சிப்பிலிருந்து வருகிறது. மார்வெல்லின் தொலைத்தொடர்புப் பிரிவும், ஏ.எம்.டி. 2022 பிப்ரவரியில் வாங்கி முடித்த ஜைலிங்க்ஸும் இந்தத் துறையில் விற்பது டவர் பக்கத்துச் சிப்பு. எல்லாம் ஹைதராபாத்தில் இருக்கிறது, எல்லாம் 'சிப் கம்பெனி' என்று ஒரே மூட்டையில் கட்டிவிட்டால் செய்தியைத் தலைகீழாகப் படித்துவிடுவோம்.

ஆர்டர் கொடுத்தது யார் என்று கேளுங்கள்.

பி.எஸ்.என்.எல். 4ஜி நல்ல உதாரணம். டி.சி.எஸ்., சி-டாட், பெங்களூருவின் தேஜஸ் நெட்வொர்க்ஸ் மூன்றும் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளை நாடெங்கும் நிறுவின. சுமார் ஒரு லட்சம் இடங்களுக்கு ரேடியோ தயாரிக்கும் வேலை தேஜஸுக்கு வந்தது. ஒப்பந்தம் 2023 ஆகஸ்டில், 7,492 கோடி ரூபாய்க்கு. அந்நிறுவனத்தின் வருமானம் 2023–24-ல் 2,471 கோடி. 2024–25-ல் 8,923 கோடி. 2025 செப்டம்பர் 27 அன்று ஒடிசாவின் ஜார்சுகுடாவில் பிரதமர் அந்த நெட்வொர்க்கைத் தொடங்கிவைத்தார். நம்மாலும் முழு நெட்வொர்க்கையும் கட்ட முடியும் என்று காட்டிய வேலை அது. அதைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் அதனால் எத்தனை புது 4ஜி செட் விற்றிருக்கும்? ஏறத்தாழ ஒன்றுமில்லை என்றே சொல்வேன். பி.எஸ்.என்.எல். சிம் போட்டிருந்தவர் கையில் 4ஜி செட் பல வருடமாக இருந்தது, நெட்வொர்க்குக்காகக் காத்துக்கிடந்தது. இங்கே போன் முன்னே போய்விட்டது, டவர்தான் பின்னால் ஓடிவந்தது. பின்தங்கிய நிறுவனம் ஈடுகட்டும் ஆர்டரா, புதுத் தலைமுறைக்கான முதல் ஆர்டரா என்று பார்க்காமல் சிப் விற்பனையை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆர்டர் முடிந்ததும் என்ன ஆகும் என்பதையும் தேஜஸே காட்டியது. 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் அதன் வருமானம் 202 கோடி.

டவருக்கும் போனுக்கும் நடுவே யார் நிற்கிறார்கள் என்று தேடுங்கள்.

நடுவே நிற்பது விலை. டேட்டா விலை, செட் விலை, இரண்டும்.

ரிலையன்ஸ் 2010-ல் பிராட்பேண்ட் அலைக்கற்றையை வாங்கிய நிறுவனத்தைக் கையில் எடுத்தது. ஜியோ சேவை தொடங்கியது 2016 செப்டம்பர் 5. நடுவில் ஆறு வருடம். சாம்சங் ரேடியோக்கள் நாடெங்கும் ஏறிக்கொண்டிருந்த அந்த வருடங்களில் அந்த டவர்களால் சாதாரணக் கடைக்காரரின் கல்லாவில் எந்த மாற்றமும் இல்லை. டேட்டா விலை விழுந்த பிறகுதான் அவற்றின் தாக்கம் கடையில் தெரிந்தது: ஐ.டி.சி. கணக்கில் 2016-ல் 10.9 கோடியாக இருந்த ஸ்மார்ட்போன் வரத்து 2017-ல் 12.4 கோடி ஆனது. பட்டன் போன் வைத்திருந்தவர்களை 4ஜிக்கு இழுக்க அதுவும் போதாமல், 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு ஜியோபோனைக் கொடுக்க வேண்டியிருந்தது.

5ஜியில் பார்த்தால், டவர் வேலை 2022 முடிவிலும் 2023-லும் உச்சத்தில் இருந்தது. ஆனால் படான்செரு, பாசமைலாரம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் ஒரு பீகார்த் தொழிலாளியின் கைக்கு எட்டும் விலையில் 5ஜி செட் வர அந்த வேகம் போதவில்லை. குவால்காம் மலிவான ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப்பை 2024 ஜூலையில் அறிவித்தது. அதைக் கொண்டு ரெட்மி ஏ4 அந்த நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்தது. பத்தாயிரத்துக்குக் கீழே 5ஜி செட்டை எதிர்பார்க்கிறவர் டவர் சிப்பைப் பார்க்கக்கூடாது. போனுக்குள் போகும் மலிவுச் சிப் எப்போது வருகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

விலையை ஏற்றும் காரணங்கள் டவரோடு சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்தும் வரும். 2020 ஏப்ரல் 1 முதல் செட்டுக்கு ஜி.எஸ்.டி. 12-லிருந்து 18 சதவீதம் ஆனது. 2024 ஜூலையில் ரீசார்ஜ் கட்டணங்கள் ஏறின. 2025 இறுதியில் ஏ.ஐ. சர்வர்கள் மெமரி சிப்பை இழுத்துக்கொண்டதால் போனுக்கான மெமரி விலை எகிறியது. இவற்றில் ஒவ்வொன்றும் நெட்வொர்க் சிப் விற்பனையைவிடக் கடை வாசலுக்கு அருகில் இருக்கிறது.

அலைக்கற்றை ஏலத்தின் தேதியைக் குறித்து வையுங்கள். 2022-ல் ஏலம் ஆகஸ்ட் 1 அன்று முடிந்தது, 1,50,173 கோடி ரூபாய்க்கு. சேவை இரண்டே மாதத்தில் தொடங்கியது. ஏல அறிவிப்பு எல்லோரும் படிக்கக்கூடிய பொது ஆவணம். காலாண்டு அறிக்கைகளை அலசத் தெரியாத கடைக்காரருக்கும் இது கிடைக்கும்.

செட் எந்த பேண்டில் (அலைவரிசையில்) வேலை செய்யும் என்று படித்துவிட்டு சரக்கு எடுங்கள்.

நெட்வொர்க் செய்தி உண்மையிலேயே கடைக்காரருக்குக் காசாகும் இடம் இதுதான். இந்தியாவில் 5ஜி செட்டுகள் 2020 பிப்ரவரியிலிருந்தே விற்கின்றன. நெட்வொர்க் வந்தது இரண்டரை வருடம் கழித்து. முதலில் வந்த சில மாடல்களில் என்78 என்ற ஒரே ஒரு 5ஜி பேண்ட்தான் இருந்தது. ஜியோ 700 மெகாஹெர்ட்ஸில் என்28 பேண்டையும் வாங்கியது. சுவருக்குள் நுழைந்து வரும் சிக்னல் அதுதான். பேண்ட் குறைந்த செட்டை வாங்கியவர் வீட்டுக்குள் போனதும் 5ஜி அடையாளம் மறைந்து 4ஜி வந்துவிடும். கடைக்கு வந்து, "அண்ணா, 5ஜின்னு சொல்லித்தானே குடுத்தீங்க?" என்று கேட்பார். பதில் சொல்ல முடியாது.

மாடல் பெயரைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் போட்டு, 5ஜி பேண்ட் வரிசையில் என்28, என்78 இரண்டும் இருக்கின்றனவா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். சாஃப்ட்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐபோன்களில் 5ஜிக்கான வன்பொருள் இருந்தும், இந்தியாவில் அது பரவலாகத் திறந்தது 2022 டிசம்பரில் ஐ.ஓ.எஸ். 16.2 வந்த பிறகுதான்.

செய்யக்கூடாதவை

ஒரு காலாண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

மார்வெல்லின் தொலைத்தொடர்புப் பிரிவு 2023 அக்டோபரோடு முடிந்த காலாண்டில் சுமார் 31.6 கோடி டாலருக்கு விற்றது. ஆறு மாதம் கழித்து, 2024 மே தொடக்கத்தில் முடிந்த காலாண்டில், சுமார் 7.2 கோடி டாலர். நான்கில் ஒரு பங்குகூட இல்லை. இந்த எண்ணை மட்டும் பார்த்தவர் உலகில் இனி யாரும் போன் வாங்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார். ஆனால் ஐ.டி.சி. கணக்குப்படி, 2024-ன் முதல் மூன்று மாதங்களில் உலக ஸ்மார்ட்போன் வரத்து முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 8 சதவீதம் கூடி 28.9 கோடியைத் தொட்டது. அந்தச் சமயத்தில் நோக்கியாவின் இந்திய விற்பனையும் முந்தைய வருடத்தின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கியிருந்தது. இந்தியாவில் அந்த வருடம் ஸ்மார்ட்போன் வரத்து 15.1 கோடிக்கு ஏறியது.

எஃப்.பி.ஜி.ஏ. விற்பனை விழுந்தால் நெட்வொர்க் வேலை நின்றுவிட்டது என்று எண்ணாதீர்கள்.

ஹைதராபாத் இளைஞர்கள் பலர் சோறு உண்பது இந்தத் தொழிலில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஃப்.பி.ஜி.ஏ. என்பது, ஃபேக்டரியிலிருந்து வெளியே வந்த பிறகும் உள்ளே இருக்கும் இணைப்புகளைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதக்கூடிய சிப். 5ஜி தரவிதிகள் இன்னும் முழுதாக முடிவாகாத 2018, 2019-ல் இதுதான் கைகொடுத்தது. விதி மாறினால் சிப்பை எறிய வேண்டாம், புரோகிராமை மாற்றினால் போதும். எஃப்.பி.ஜி.ஏ. செய்யும் ஜைலிங்க்ஸின் வருடாந்திர வருமானம் முதல்முறையாக 300 கோடி டாலரைத் தாண்டியது 2019 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில். அடுத்த மாதமே தென்கொரியாவில் 5ஜி தொடங்கியது.

இந்த வகைச் சிப்பின் விலை அதிகம், மின்சாரமும் நிறையக் குடிக்கும். லட்சக்கணக்கில் பெட்டி செய்ய ஆரம்பித்ததும், சாதனத் தயாரிப்பாளர்கள் அந்த ஒரு வேலைக்கென்றே வார்த்த சொந்தச் சிப்புக்கு மாறிவிடுவார்கள். நோக்கியா ரீஃப்ஷார்க் என்ற சொந்தச் சிப்பை 2018 ஜனவரியில் அறிவித்தது. அது தேவையான அளவில் வருவதற்குள் 5ஜி ஆர்டர்கள் வந்துவிட்டன. விலை உயர்ந்த எஃப்.பி.ஜி.ஏ.க்களைப் போட்டே பெட்டிகளை அனுப்ப வேண்டியதாயிற்று. லாபம் அடிவாங்கியது, 2019 அக்டோபரில் லாப மதிப்பீட்டைக் குறைத்து, டிவிடெண்டையும் நிறுத்திவைத்தார்கள். பிறகு படிப்படியாக ரீஃப்ஷார்க்குக்கு மாறினார்கள்.

இந்த நகர்வில் எஃப்.பி.ஜி.ஏ. விற்பனை சரிகிறதென்றால் என்ன பொருள்? டவர் வேலை சூடுபிடித்து, பெரிய எண்ணிக்கைக்குப் போய்விட்டது என்றும் பொருளாகலாம். விற்பனை ஏறுகிறதென்றால் தொழில்நுட்பம் இன்னும் பரிசோதனைக் கட்டத்தில் இருக்கிறது என்றும் பொருளாகலாம். எந்தச் சிப், எந்தக் கட்டத்தில் என்று கேட்காமல் வரைபடத்தின் ஏற்ற இறக்கத்தை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஜைலிங்க்ஸ் சாதனை படைத்த அந்தக் காலத்தில் உலக ஸ்மார்ட்போன் வரத்து 2018-ல் 140 கோடி, 2019-ல் 137 கோடி. இறங்கித்தான் இருந்தது.

கிடங்கில் தூங்கும் சிப்பை விற்ற சிப்பாக எண்ணாதீர்கள்.

ஒரு சிப் விற்றதாகக் கணக்கில் ஏறினால், அது டவரில் ஏறிவிட்டது என்று அர்த்தமில்லை. சிப் தயாரிப்பாளரிடமிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு, அங்கிருந்து ரேடியோ செய்கிறவருக்கு, பிறகு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் குடோனுக்கு. ஒவ்வொரு படியிலும் ஆட்கள் பயந்து கூடுதலாக வாங்கி வைப்பார்கள். 2021 தட்டுப்பாட்டில் சில சிப்புகளுக்கு ஆர்டர் கொடுத்து ஒரு வருடம் காத்திருக்க நேர்ந்தது. அப்போது ஒரே தேவைக்கு இரண்டு இடத்தில் ஆர்டர் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பிறகு சரக்கு மொத்தமாக வந்து சேர்ந்ததும் புது ஆர்டர் அப்படியே நின்றது. மார்வெல்லின் சரிவில் இதற்கும் பங்குண்டு.

அரசியலும் இதையே செய்யும். அமெரிக்கா 2019 மே மாதம் ஹுவாவேயைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2020 செப்டம்பரில் பிடி இன்னும் இறுகியது. நடுவிலிருந்த மாதங்களில் ஹுவாவே எங்கே கிடைத்தாலும் சிப்பை வாங்கிக் கையிருப்பைப் பெருக்கிக்கொண்டது. அந்த விற்பனையில் எந்தப் போன் வாடிக்கையாளரின் ஆசையும் இல்லை.

2001-ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் 3ஜி ஏலங்கள், எங்கும் நெட்வொர்க் சாமான் ஆர்டர்கள், பிறகு ஒரே விழுதல். சிஸ்கோ மட்டும் சுமார் 220 கோடி டாலர் மதிப்புள்ள சரக்கைத் தள்ளுபடி செய்தது. உலகப் போன் விற்பனை 2000-ல் 41 கோடிக்கு மேல். அடுத்த வருடம் 40 கோடிக்குச் சற்றுக் கீழே. சாமான் விற்பனை எந்த அளவுக்கு நொறுங்கியதோ அந்த அளவுக்குப் போன் நொறுங்கவில்லை, ஒரு வருடத்தில் மறுபடி ஏறியும் விட்டது.

டவர் சிப் எல்லாம் போனுக்காகத்தான் என்று நினைக்காதீர்கள். 2023-ல் வந்த ஜியோ ஏர்ஃபைபரும் ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் ஏர்ஃபைபரும் வீட்டுக்கூரையில் ஒரு பெட்டியை வைத்து, 5ஜி டவரிலிருந்து வீட்டுக்கே இணையம் கொடுக்கின்றன. டவரில் கூடுதல் திறன் தேவைப்படும். கடையில் ஒரு செட்டும் கூடுதலாகப் போகாது. நம் பக்கத்திலேயே இன்னொன்று: ஐ.ஐ.டி. ஹைதராபாத்தில் பிறந்த வைசிக் நெட்வொர்க்ஸ், சயண்ட் நிறுவனத்தோடு சேர்ந்து 2021-ல் 'கோலா' என்ற சிப்பை அறிமுகப்படுத்தியது. மீட்டர், சென்சார் மாதிரிக் கருவிகள் மொபைல் நெட்வொர்க் வழியே கொஞ்சங்கொஞ்சமாகத் தகவல் அனுப்புவதற்கான சிப் அது. அந்தக் கருவிகளும் டவரைப் பயன்படுத்தும், ஆனால் அவை போன் அல்ல.

போன் தொழிற்சாலை மூடினால் நெட்வொர்க் வேலையும் போய்விடும் என்று பயப்படாதீர்கள். ஒன்று வளர்கிறதே என்று மற்றதை நம்பியும் இறங்காதீர்கள்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் ஆறாத புண். 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை, உச்சத்தில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு முதல் சம்பளத்தைக் கொடுத்த ஆலை, 2014 நவம்பர் 1 அன்று நின்றது. கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து போன அந்தப் பெண்களில் பலர் அதற்குப் பிறகு அந்த அளவு சம்பளத்தைப் பார்க்கவேயில்லை. அங்கிருந்து சற்றுத் தூரத்தில் ஓரகடத்தில், 2008-ல் தொடங்கிய நோக்கியாவின் நெட்வொர்க் சாதன ஆலை மட்டும் மூடவில்லை. 4ஜி பெட்டிகள் செய்தது, 2019-லேயே 5ஜி ரேடியோவையும் செய்யத் தொடங்கியது. ஒரே பெயர்ப்பலகை, பக்கத்துப் பக்கத்து ஊர், இரண்டு விதி. டச் ஸ்கிரீன் போட்டியில் நோக்கியா தோற்றதும் வரித் தகராறும் செட் ஆலையை விழுங்கின. ரேடியோ ஆலைக்கு அந்தச் சண்டையோடு தொடர்பில்லை. அதன் வாடிக்கையாளர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள்தான்.

வேலை தேடும் பிள்ளைகள் இதைத்தான் பார்க்க வேண்டும். நெட்வொர்க் சிப் வடிவமைப்பு சில பெரிய வாடிக்கையாளர்களின் செலவுத் திட்டத்தோடு ஏறி இறங்கும். நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பள்ளம் வரும். போன் சிப் பக்கம் கோடிக்கணக்கான மனிதர்களின் பர்ஸோடு ஏறி இறங்கும். எந்தப் பக்கம் சரிந்தாலும் சமாளிக்க வேண்டும் என்றால், சிக்னல் புராசஸிங்கும் சிப் சரிபார்ப்பும் (வெரிஃபிகேஷன்) கற்றுக்கொண்டவருக்கு இரண்டு பக்கமும் இடம் கிடைக்கும்.

ஓய்வூதியப் பணத்தை இந்தக் கணக்கை நம்பிப் போடாதீர்கள். டவர் வருகிறது, அதனால் போன் விற்கும், அதனால் போன் விற்கும் கடைச் சங்கிலியின் பங்கு ஏறும் என்று யாராவது மூன்று படி ஏறிச் சொன்னால், மேலே பார்த்த சீனக் கணக்கைக் காட்டி, முதல் படியே இல்லையென்று சொல்லுங்கள்.

பழைய தலைமுறை செட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று அள்ளாதீர்கள்.

நெட்வொர்க் சிப் செய்தியை அலட்சியப்படுத்தியவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2014 கடைசிக் காலாண்டில் இந்திய ஸ்மார்ட்போன் சந்தையில் சாம்சங்கையே முந்திவிட்டதாக ஓர் ஆய்வு நிறுவனம் சொல்லும் அளவுக்கு மைக்ரோமேக்ஸ் வளர்ந்திருந்தது. கார்பன், இன்டெக்ஸ், லாவா எல்லாம் நன்றாக ஓடிய நாட்கள் அவை. ஜியோவின் டவர்கள் எழுந்துகொண்டிருந்தன. 4ஜி, அதுவும் வோல்ட்டி (4ஜி வழியே குரல் அழைப்பு) உள்ள செட்தான் வேண்டியிருக்கும் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆனாலும் 3ஜி செட்டுகள் தொடர்ந்து கடைகளுக்கு வந்துகொண்டிருந்தன. 2016 செப்டம்பருக்குப் பிறகு அவற்றை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. நவம்பரில் பணமதிப்பு நீக்கம். சீன நிறுவனங்கள் 4ஜி செட்டோடு தயாராக இருந்தன. 2017 முடிவதற்குள் சந்தை கைமாறிவிட்டது.

சின்னக் கடைக்காரரிடம் மாட்டிய 3ஜி சரக்குக்குப் பெரும்பாலும் விலை இறங்கும்போது ஈடு தரும் பிரைஸ் டிராப் சலுகையும் கிடைக்கவில்லை. அதே நிலை 4ஜி ஸ்மார்ட்போனுக்கு இன்று வந்துகொண்டிருக்கிறது. ஆனால் எல்லா விலையிலும் ஒரே வேகத்தில் வரவில்லை. பட்டன் போனிலிருந்து முதன்முதலாக ஏறுகிறவருக்கு ஏழாயிரம் ரூபாய்க்குள் ஒரு 4ஜி செட் இன்னும் சில காலம் போகும். பத்தாயிரத்துக்கு மேல் 4ஜி மட்டும் உள்ள செட்டை எந்த ஸ்கீமுக்காகவும் எடுக்க வேண்டாம். எடுக்கத்தான் வேண்டுமென்றால், திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று டிஸ்ட்ரிபியூட்டரிடம் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.